மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே



‘கொக்கேய்ன்’ என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? விமான நிலையத்தில் பிடிபட்ட பயணப்பெட்டி, கைவிலங்கு, நாளிதழின் முதல் பக்கம், நீதிமன்ற வாசல் – பெரும்பாலோருக்கு இவைதாம் தோன்றும். அதில் வியப்பில்லை. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, நம் நாட்டில் 40 கிராமோ அதற்கு மேலோ கொக்கேய்ன் வைத்திருப்பவர் அதனைக் கடத்துபவராகவே அனுமானிக்கப்படுவார். அக்குற்றத்துக்கான கட்டாய மரண தண்டனை 2023ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. ஆயினும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதியின் கையில் இன்னும் இருக்கிறது. அண்டை நாடான சிங்கப்பூரிலோ 30 கிராமுக்கு மேல் கடத்தினால் உயிருக்கே உலை.

இவ்வளவு கொடியதென நாம் அறிந்த அதே பொருள், உலகின் சில மருத்துவமனைகளில், அறுவைக் கூடத்துப் பூட்டிய அலமாரிக்குள் இன்றும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? பல் பிடுங்கும்போது ஈற்றில் போடும் ஊசி முதல், பிரசவத்தின்போது முதுகுத்தண்டில் போடும் ஊசி வரை, நம்மை வலியிலிருந்து காக்கும் மருந்துகளுக்கெல்லாம் மூத்த பிறப்பு அதுதான் என்றால்?

மருத்துவப் புலத்தில் இறுதியாண்டு பயிலும் நான், இந்தப் பொருளைப் பற்றி நம் இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போதைப்பொருளை ஒழிப்போம் என்று முழங்கும் கட்டுரைகளை நாம் ஏராளமாகப் படித்திருக்கிறோம். அச்சத்தை மட்டும் கற்றுக்கொண்டு, அறிவைக் கற்றுக்கொள்ளாமல் விட்டதால் நம் சமுதாயம் இன்னொரு வகையில் இழப்பைச் சந்தித்து வருகிறது. அதைப் பற்றிப் பேசுவதற்குக் கொக்கேய்னின் கதையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

நாக்கு மரத்த கதை

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில், இன்றைய பெரு, பொலிவியா நாடுகளில், கோக்கா என்றொரு செடி வளர்கிறது. அதன் இலையை அங்குள்ள மக்கள் பல நூற்றாண்டுகளாக மென்று வருகின்றனர். நம்மவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல, அவர்களும் கோக்கா இலையோடு சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்துக்கொள்கின்றனர். பசியும் களைப்பும் தெரியாதிருக்க அவர்கள் கண்ட வழி இது.

இந்த இலையிலிருந்து அதன் வீரியத்தைப் பிரித்தெடுத்துக் கொக்கேய்ன் என்று பெயரிட்டவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் நீமன். ஆண்டு 1860. நாக்கில் வைத்தால் மரத்துப்போகிறது என்பதை அவரே குறித்து வைத்தார். ஆனால், அந்தக் குறிப்பின் மதிப்பை மருத்துவ உலகம் உணர 24 ஆண்டுகள் ஆயின!

1884ஆம் ஆண்டு வியன்னாவில் இரு இளம் மருத்துவர்கள் இப்பொருளை ஆராய்ந்தனர். ஒருவர் சிக்மண்ட் பிராய்ட். ஆம், பின்னாளில் உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் புகழ்பெற்ற அதே பிராய்ட்தான். சோர்வுக்கும் மனத்தளர்ச்சிக்கும், ஏன், மார்பின் பழக்கத்துக்கும்கூடக் கொக்கேய்ன் மருந்தாகும் என்று அவர் புகழ்ந்து எழுதினார். மற்றொருவர் 26 வயது நிரம்பிய கார்ல் கோலர். கண் மருத்துவத்தில் நாட்டம் கொண்ட அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: நாக்கை மரக்கச் செய்வது கண்ணை மரக்கச் செய்யாதா?

அன்றைய கண் அறுவையை எண்ணிப் பாருங்கள். ஈதர் மயக்கம் 1846 முதல் வழக்கத்தில் இருந்தது. ஆனால், ஈதர் கொடுத்தால் விழித்தெழும் நோயாளி வாந்தி எடுப்பார். கண்ணில் போட்ட அறுவை கெட்டுப்போகும். எனவே, கண்புரை நோயாளி பலர் முழு நினைவோடு, கத்தி கண்ணை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தனர். கோலர் கொக்கேய்ன் கரைசலைத் தவளையின் கண்ணில் விட்டார்; பின்னர் முயல், நாய்; இறுதியில் தம் கண்ணிலேயே விட்டுக் குண்டூசித் தலையால் தொட்டுப் பார்த்தார். வலி இல்லை. தொடுவதே தெரியவில்லை!

1884 செப்டம்பர் 15ஆம் நாள் ஹைடல்பர்க் நகரில் நடந்த கண் மருத்துவர் மாநாட்டில் இச்செய்தி வெளியானது. மாநாட்டுக்குப் போகக் கோலரிடம் பயணப் பணம் இல்லை. வேறொரு மருத்துவர்தான் அவருடைய கட்டுரையை வாசித்தார். ஏழை மாணவர்களாக இங்கு வந்து படிக்கும் நம்மில் பலருக்கு இச்செய்தி ஊக்கமளிக்கும் என்று நம்புகிறேன்.

மரக்கச் செய்வது எப்படி?

உடலில் எங்காவது வலித்தால், அச்செய்தி நரம்பின் வழியே மின்துடிப்பாக மூளைக்கு ஓட வேண்டும். நரம்பின் சுவரில் சிறுசிறு கதவுகள் உள்ளன. அவை திறந்து, சோடியம் மின்துகள்கள் உள்ளே பாய்ந்தால்தான் துடிப்பு முன்னே நகரும். கொக்கேய்ன் இந்தக் கதவுகளை அடைத்துவிடுகிறது. செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. நோயாளி விழித்திருக்கிறார், பேசுகிறார், ஆனால், அந்த இடத்தில் மட்டும் வலி இல்லை. மருந்து விலகியதும் உணர்வு திரும்பிவிடுகிறது.

இது வரையில் எல்லா மரப்பு மருந்துகளும் ஒன்றுதான். கொக்கேய்னுக்கு இரண்டாவது குணம் ஒன்றும் உண்டு. நரம்பு முனைகளில் சுரக்கும் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. அதனால் இரத்தக் குழாய்கள் இறுக்கமாகச் சுருங்குகின்றன. மூக்கின் உட்புறம் இரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் இடம். சிறு கீறல் பட்டாலும் குருதி பெருகும். ஒரே மருந்து அங்கு வலியையும் போக்கி, வீக்கத்தையும் சுருக்கி, குருதியையும் அடக்கினால் அறுவை மருத்துவருக்கு வேறென்ன வேண்டும்? காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இதைக் கைவிடாததற்கு இதுவே காரணம். அமெரிக்காவில் மூக்கினுள் பயன்படுத்தும் 4 விழுக்காட்டுக் கொக்கேய்ன் கரைசலுக்கு 2017ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் முறையான ஒப்புதல்கூட அளிக்கப்பட்டது.

ஆனால், வரத்தைத் தந்த அதே குணம்தான் சாபத்தையும் தருகிறது. மூக்கில் சுருங்கும் இரத்தக் குழாய், மருந்து உடலில் பரவினால் இதயத்திலும் சுருங்கும். நாடி துடிதுடிக்கும்; இரத்த அழுத்தம் எகிறும்; இதயத் துடிப்பு தாளம் தப்பும்; இளவயதினருக்கும் மாரடைப்பு வரும். மூளையில் டோப்பமின் மிகுவதால் இன்பமயக்கம் தோன்றும், பழக்கம் பற்றிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் வலிப்பு. அதற்கும் மிஞ்சினால் மூச்சும் இதயமும் நின்றுவிடும்.

விலை கொடுத்தவர்கள்

இந்த ஆபத்துகளை மருத்துவ உலகம் ஏட்டிலிருந்து கற்கவில்லை. உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

பிராய்டின் நண்பர் எர்ன்ஸ்ட் பிளைஷல் சிறந்த உடலியல் அறிஞர். வலிக்காக மார்பின் எடுத்துப் பழகியவர். மார்பினிலிருந்து மீட்க அவருக்குக் கொக்கேய்ன் தரப்பட்டது. விளைவு? ஒன்றுக்கு இரண்டாக அடிமையானார், 1891இல் மறைந்தார்.

நியூயார்க்கின் வில்லியம் ஹால்ஸ்டெட் கொக்கேய்னை நரம்பருகே ஊசியால் செலுத்தினால் அந்த நரம்பு சென்றடையும் பகுதி முழுதும் மரத்துப்போகும் என்று கண்டறிந்தார். இன்று பல் மருத்துவர் கீழ்த்தாடையில் ஊசி போடும் முறை அவருடைய கொடை. தம்மீதும் சகாக்கள்மீதும் சோதித்துப் பார்த்ததில் அவரும் அடிமையானார். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவத்தின் பேராசிரியராக உயர்ந்தபோதும், பழக்கம் மார்பினாக உருமாறி அவரை விடவே இல்லை. அறுவைக் கூடத்துக்கு ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தவரும் இவரே. பின்னாளில் அந்தக் கையுறைக்குப் பால் வடித்த கைகளில் நம் பாட்டன் பாட்டியரின் கைகளும் உண்டல்லவா?

இன்னொரு நிகழ்வு என் நெஞ்சை மிகவும் உலுக்கியது. 1886இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் செர்கெய் கொலோம்னின் என்ற பேராசிரியர், மலக்குடலில் புண் கண்ட ஒரு பெண்ணுக்குச் சிகிச்சையளிக்கும் முன், வலி தெரியாதிருக்க ஏறத்தாழ 1.5 கிராம் கொக்கேய்னைக் குடலுக்குள் செலுத்தினார். அந்தப் பெண் அன்றே இறந்தார். தாங்கமாட்டாத பேராசிரியர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ள வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். பலர் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றனர். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 180 மில்லிகிராம்தான் உச்சம். கொலோம்னின் கொடுத்தது அதைப்போல் எட்டு மடங்கு! அவர் கொடியவர் அல்லர். அளவு என்னவென்று அன்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அண்மைக் காலத்திலும் பாடங்கள் உண்டு. 1980களில் அமெரிக்க அவசரப் பிரிவுகளில், குழந்தைகளின் காயத்தைத் தைக்கும் முன் கொக்கேய்ன் கலந்த மரப்புக் கரைசலைப் பஞ்சில் நனைத்து வைத்தனர். ஊசி இல்லை, அழுகை இல்லை என்று மகிழ்ந்தனர். ஆனால், கரைசல் உதட்டிலும் மூக்கிலும் வழிந்து உடலில் கலந்தபோது வலிப்பும் உயிரிழப்பும் நேர்ந்தன. பின்னர், கொக்கேய்னை நீக்கி லிடோகேய்ன் சேர்த்த கலவை அதன் இடத்தைப் பிடித்தது. அது அதே வேலையைச் செய்தது.

ஆளுக்கு ஆள் ஆபத்தும் மாறும். கொக்கேய்னை உடைக்கும் நொதிகளில் ஒன்று இரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ். பிறவியிலேயே இது குறைந்தவர்களுக்கு மருந்து உடலில் நெடுநேரம் தங்கும். தமிழகத்திலும் ஆந்திராவிலும் வாழும் ஆரிய வைசிய சமூகத்தினரிடையே இந்தக் குறை மற்றவர்களைவிட மிகுதி. தசை தளர்த்தும் மருந்தொன்றும் இவர்களுக்கு ஒத்துவராது என்பதால் இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் இதை நன்கறிவர். குடும்பத்தில் எவருக்காவது அறுவைக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமாயிற்று என்றால், அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

என் கருத்து

சரி, இன்றைக்குக் கொக்கேய்ன் மருத்துவத்துக்குத் தேவைதானா?

என்னைக் கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை என்பேன். 1905இல் புரோக்கேய்ன் வந்தது. 1943இல் சுவீடனில் லிடோகேய்ன் உருவாகி, 1948இல் விற்பனைக்கு வந்தது. பழக்கத்துக்கு ஆளாக்கும் குணம் இவற்றில் இல்லை. பெயரின் வாலில் ‘கேய்ன்’ என்பது மட்டும் மூதாதையின் நினைவாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண் மருத்துவம் கொக்கேய்னை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது. கருவிழியின் மேற்பரப்பை அது கெடுக்கும் என்பதால். லிடோகேய்னோடு இரத்தக் குழாயைச் சுருக்கும் வேறொரு மருந்தைச் சேர்த்தால் மூக்கு அறுவைகளில் பெரும்பாலானவற்றைச் செய்து முடிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் லிடோகேய்ன் இருக்கிறது; கொக்கேய்ன் இல்லை.

பழகிய கைகளுக்குப் பழைய மருந்தே சிறந்தது என்று வாதிடும் மூத்த மருத்துவர்கள் உள்ளனர். அவர்களின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால், அதே பலனைக் குறைந்த ஆபத்தில் பெற முடியும்போது, இதய நோயாளிக்கோ இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கோ கொக்கேய்னைப் பயன்படுத்துவதற்கு நியாயம் இல்லை. பயன்படுத்தத்தான் வேண்டுமெனில், இன்ன மருந்தை வைக்கிறோம் என்று நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதன் எச்சம் சில நாள்களுக்குச் சிறுநீரில் தெரியும். வேலைக்காகச் சிறுநீர்ச் சோதனைக்குப் போகும் ஒருவர், தமக்கே தெரியாமல் குற்றவாளிக் கூண்டில் ஏற நேரலாம்!

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடலாம்: “இதையெல்லாம் இளைஞர்களிடம் எழுதினால், மருத்துவர்களே பயன்படுத்தும் பொருள்தானே என்று துணிந்துவிட மாட்டார்களா?” நியாயமான ஐயம். என் பதில் இதுதான். அறுவைக் கூடத்தில் அளவு தெரிந்த தூய கரைசல் இருக்கிறது. இதயத் துடிப்பைக் காட்டும் கருவி இருக்கிறது. உயிர்காக்கும் மருந்தும் பயிற்சி பெற்ற மருத்துவரும் பக்கத்தில் இருக்கின்றனர். இத்தனையும் இருந்தும் ஆபத்து என்று சொல்லி மருத்துவர்களே விலகி வருகின்றனர். இவற்றில் எதுவுமே இல்லாமல், எவனோ எதையோ கலந்து விற்கும் தூளை மூக்கில் இழுப்பவனின் கதி என்ன? சுருங்கிச் சுருங்கி இரத்த ஓட்டம் அற்றுப்போய் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவது வெளியே தெரியும் சேதம் மட்டுமே. உண்மையை முழுதாகச் சொன்னால் துணிச்சல் வளராது, தெளிவுதான் வளரும்.

‘மருந்து’ என்னும் சொல்

நம் தோட்டத்துப் பேச்சை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. களைக்கு அடிப்பதும் மருந்து. “மருந்து குடித்துவிட்டான்” என்றால் அவன் பிழைப்பானா என்றுதான் நம் பெரியவர்கள் கேட்பார்கள். ஒரே சொல்லில் உயிரும் சாவும் அடங்கியிருப்பதை நம் மொழி என்றோ உணர்ந்துவிட்டது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, சிகிச்சை என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என நான்கும் சேர்ந்தது என்று முடிகிறது. மருந்து அந்த நான்கில் ஒன்றுதான்! மற்ற மூன்றும் சரியில்லை என்றால் மருந்து நஞ்சாகும்.

இதை மறந்து, ‘போதை’ என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றுக்கும் முத்திரை குத்திவிட்டோம். அதன் விளைவை மருத்துவமனைப் படுக்கைகளில் நான் பார்க்கிறேன்.

புற்றுநோய் முற்றிய ஒரு முதியவர் இரவெல்லாம் முனகுகிறார். மார்பின் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். மகன் கையெடுத்துக் கும்பிட்டு, “வேண்டாங்க டாக்டர், அப்பா போதைக்கு அடிமையாயிடுவாரு” என்கிறார். இன்னும் சில வாரங்களே வாழப்போகிறவர், வலியில்லாமல் வாழ்வதை விட்டு வலியோடு வாழ்கிறார். போதைப்பொருளைக் கட்டுப்படுத்தும் 1961ஆம் ஆண்டின் அனைத்துலக ஒப்பந்தமே, வலி தீர்க்க இவற்றின் மருத்துவப் பயன் இன்றியமையாதது என்று முகவுரையில் ஏற்றுக்கொள்கிறது. சட்டம் கண்ட வேறுபாட்டை அன்பு மகன் காணவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எவரும் அவருக்குத் தமிழில் விளக்கவில்லை.

மறுபக்கம், அறுவைக்கு வரும் இளைஞர். சியாபு எடுக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. கொக்கேய்னைப் போலவே அதுவும் இதயத்தை விரட்டும் பொருள். மயக்கவியல் மருத்துவர் கேட்கும்போது, அருகில் அம்மா நிற்பதால் இல்லையென்று தலையசைக்கிறார். மருத்துவர் அதை நம்பி மருந்துகளைத் தேர்ந்தெடுத்தால், கத்தி படும் முன்னே இதயம் தடுமாறலாம். மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்பது மானத்தை வாங்குவதற்கன்று. உயிரோடு திருப்பி அனுப்புவதற்கு.

நாம் என்ன செய்யலாம்?

பேரவை உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் மிக எளியது.

அறுவைக்கு முன் நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. தாதி ‘பியுஸ்’ என்கிறார். நம் பாட்டி அதை ‘மயக்க ஊசி’ என்று புரிந்துகொண்டு, தூங்கிப்போய் எழுந்திருக்கமாட்டோமோ என்று நடுங்குகிறார். முழு மயக்கம் வேறு, ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்வது வேறு என்று நான்கு வரித் தமிழில் எழுதிக் கொடுத்தால் அந்த நடுக்கம் பாதியாகும். ‘மயக்க மருந்து’, ‘மரப்பு மருந்து’ என்று இரண்டு சொற்களைப் பிரித்து வழங்கினாலே போதும். நம்மில் மருத்துவமும் பல் மருத்துவமும் மருந்தியலும் பயில்பவர்கள் இருக்கின்றனர். தமிழைச் செம்மையாக எழுதத் தெரிந்தவர்களும் இருக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரு விடுமுறையில் உட்கார்ந்தால், மரப்பு ஊசி, மார்பின், அறுவைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை ஆகிய மூன்றுக்கும் ஆளுக்கொரு பக்கத்தில் விளக்கம் தயாராகிவிடும். மூத்த மருத்துவர் ஒருவர் சரிபார்த்துத் தந்தால், அதை ஆலயத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் கொடுக்கலாம். நாடகமும் பட்டிமன்றமும் நடத்தும் ஆற்றல் உள்ள நமக்கு இது மலையைப் புரட்டும் வேலையா, என்ன?

முன்னாள் மாணவர்களாகிய மருத்துவர்களே, உங்கள் நோயாளியிடம் ஐந்து நிமிடம் தமிழில் பேசுங்கள். வீட்டில் மூத்த பிள்ளைகளாக இருக்கும் தம்பி தங்கையரே, அப்பா அம்மாவுக்கு என்ன மருந்து, எவ்வளவு, எதற்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பிள்ளைப் பருவத்திலிருந்து சொல்லி வருகிறோம். அளவறிந்து, இடமறிந்து, ஆளறிந்து கொடுத்தால் நஞ்சும் ஒருவரின் கண்ணைக் காக்கும் என்பதை 1884ஆம் ஆண்டு காட்டியது. முதற்பாதியை நம் சமுதாயம் மனப்பாடம் செய்துவிட்டது. மறுபாதியை எடுத்துச் சொல்லும் கடமை, படித்த நம்மைச் சேர்ந்தது.